ப்ளூ நோட் எல்பி வாங்குவதும் கேட்பதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜாஸ் எல்பி சேர்க்கத் தொடங்குகிறவர்கள் கேட்பது பெரும்பாலும் இரண்டு விஷயங்கள்தான். அமெரிக்க ஜாஸ் கம்பெனியான ப்ளூ நோட்டின் எல்பிகளில், அதாவது நீண்டநேர இசைத்தட்டுகளில், எதை வாங்குவது, வாங்கியதை வீட்டில் எந்தக் கருவியில் போட்டுக் கேட்பது. அந்தக் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். 1950களின் நடுவிலிருந்து 1960களின் நடுவரை வந்த தட்டுகளைப் பற்றித்தான் பேச்சு.

ஜாஸ் தட்டு என்றாலே எல்லாரும் ப்ளூ நோட்டைச் சொல்வது ஏன்?

பெர்லினில் பிறந்து நியூயார்க்குக்குக் குடிவந்த ஆல்ஃப்ரெட் லயன் 1939இல் தொடங்கிய கம்பெனி அது. அவருடைய சிறுவயது நண்பர் ஃபிரான்சிஸ் வுல்ஃப் அதே ஆண்டு வந்து சேர்ந்துகொண்டார். பதிவுக்கு முந்தைய ஒத்திகைக்கும் சேர்த்துக் கலைஞர்களுக்குச் சம்பளம் கொடுத்தவர் லயன். சிறு கம்பெனிகள் பலவற்றில் அந்த வழக்கமே கிடையாது. ஐந்தாறு பேர் சேர்ந்து வாசிக்கும் புதுப் பாட்டு ப்ளூ நோட் தட்டில் அவ்வளவு கச்சிதமாக வந்து விழுவதற்கு அந்த ஒத்திகைப் பணம் ஒரு முக்கியக் காரணம்.

இன்னொரு காரணம் ரூடி வான் கெல்டர். பகலில் கண் பரிசோதகர் வேலை. மற்ற நேரத்தில் நியூஜெர்சியின் ஹாக்கென்சாக்கில் பெற்றோர் வீட்டு வரவேற்பறையையே ஸ்டுடியோவாக்கி ஒலிப்பதிவு செய்தார். 1959இல் எங்கிள்வுட் கிளிஃப்ஸில் உயர்ந்த மரக் கூரையோடு சொந்த ஸ்டுடியோ கட்டிக்கொண்டு போனார். பதிவு செய்ததோடு நிற்காமல், தட்டு அச்சடிப்பதற்கு மூலமான, லாக்கர் என்ற பூச்சுத் தகட்டையும் அவரே வெட்டினார். டிரம்பெட் கிட்டத்தில் நின்று ஊதுவதுபோல் கேட்கும் அந்த ஒலி அவருடைய கைவண்ணம். வுல்ஃப் எடுத்த புகைப்படங்களையும் ரீட் மைல்ஸின் அட்டை வடிவமைப்பையும் சேர்த்துப் பார்த்தால், ஆட்கள் ஏன் இதன் பின்னாலேயே அலைகிறார்கள் என்பது புரியும்.

கையில் இருப்பது முதல் பதிப்பா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

தட்டை மேஜை விளக்குக்குக் கீழே கொஞ்சம் சாய்த்துப் பிடியுங்கள். கடைசிப் பாட்டு முடிந்த இடத்துக்கும் லேபிளுக்கும் நடுவே வழுவழுப்பான ஒரு வெற்று வளையம் இருக்கும். சேகரிப்பவர்கள் டெட் வேக்ஸ் என்பது இதைத்தான். தட்டின் பிறப்புச் சான்றிதழ் அங்கேதான் இருக்கிறது.

முதலில் கண்ணில் படுவது தட்டின் எண். அடுத்து வான் கெல்டரின் குறி. 1950களின் தட்டுகளில் அவருடைய பெயரின் முதல் எழுத்துகளான ஆர்விஜி கையால் கீறப்பட்டிருக்கும். பிறகு அதே எழுத்துகள் முத்திரையாக வந்தன. 1960களில் வான் கெல்டர் என்ற முழுப்பெயர் முத்திரை வந்தது. மூன்றாவதாக ஒரு சின்னக் கீறல் தெரியும், சாய்வாக எழுதிய ஆங்கில 'பி' எழுத்து. ஒரு பக்கமாகத் திருப்பினால் காதுபோல இருப்பதால் எல்லாரும் அதைக் 'காது' என்றே சொல்கிறோம். நியூஜெர்சியில் இருந்த ப்ளாஸ்டிலைட் ஆலை போட்ட அடையாளம் அது. 1966 வரை ப்ளூ நோட் தட்டுகளை அச்சடித்தது அந்த ஆலைதான்.

லேபிளில் முகவரியைப் பாருங்கள். 767 லெக்சிங்டன் அவென்யூ என்றிருந்தால் 1957க்குள் அச்சான லேபிள். 1957 முதல் ஏறத்தாழ 1962 வரை 47 மேற்கு 63ஆவது தெரு. அதிலேயே 'நியூயார்க் 23' என்றும் 'என்ஒய்சி' என்றும் இரண்டு வகை உண்டு. அதற்குப் பின் 'நியூயார்க் யூஎஸ்ஏ' மட்டும். பின்னாளில் ப்ளூ நோட்டை வாங்கிய லிபர்ட்டி கம்பெனியின் பெயர் இருந்தால் 1966 அல்லது அதற்குப் பிறகு.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. பழைய லேபிள் கையிருப்பு தீரும்வரை அதையும் ஒட்டி அச்சடித்தார்கள். அதனால் முகவரியை மட்டும் வைத்து முடிவுகட்டக் கூடாது. சாக்ஸஃபோன் கலைஞர் ஹாங்க் மோப்லியின் 1568ஆம் எண் தட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கத்து லேபிளில் ஒரு முகவரி, மறுபக்கத்தில் இன்னொன்று என்று இருப்பதே அதன் முதல் பதிப்புக்கு அடையாளமாகக் கொள்ளப்படுகிறது. ஆயிரக்கணக்கான டாலருக்குக் கைமாறும் தட்டு அது. லேபிள், காது, வான் கெல்டர் குறி, அட்டையின் பின்பக்க முகவரி எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் தட்டின் வயது பிடிபடும். லேபிளில் அழுந்தியிருக்கும் ஆழமான வளையமும் கணக்கில் வரும். 1961 வரையிலான தட்டுகளில் பெரும்பாலும் அது இருக்கும், பிறகு வந்தவற்றில் இருந்தாலும் இருக்கும், இல்லாமலும் போகும்.

காது இல்லாத பழைய தட்டை வாங்கலாமா?

தாராளமாக. இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு யோசனையை எடுத்துக்கொள்வதானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

லிபர்ட்டி 1965இல் ப்ளூ நோட்டை வாங்கியது. அச்சு வேலை ப்ளாஸ்டிலைட்டிலிருந்து வேறு ஆலைகளுக்குப் போனது. ஆனால் வான் கெல்டர் வெட்டிய லாக்கரிலிருந்து எடுத்த உலோக அச்சுகளைப் பல தட்டுகளுக்குத் தொடர்ந்து பயன்படுத்தினார்கள். ஆகவே லிபர்ட்டி லேபிள், காது கிடையாது, ஆனால் வான் கெல்டர் முத்திரை இருக்கிறது என்றால், அவர் கையால் வெட்டிய அதே வெட்டுதான் உங்களிடம் இருக்கிறது. காதுக்குக் கொடுக்கும் விலையோடு ஒப்பிட்டால் சிறு தொகைக்கே கிடைக்கும். நன்றாகத் தேய்ந்த முதல் பதிப்பும் சுத்தமான லிபர்ட்டி பிரதியும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், கேட்பதற்கு நான் லிபர்ட்டியைத்தான் எடுப்பேன். ஒரே நிபந்தனை, முத்திரை இருக்கிறதா என்று விற்பவரிடம் படம் கேட்டு வாங்கிப் பாருங்கள். பின்னாளில் வேறு ஆட்கள் புதிதாக வெட்டிய பதிப்புகளும் அதே அட்டையில்தான் வந்தன.

புது மறுவெளியீடுகளில் எதை நம்பி வாங்கலாம்?

ப்ளூ நோட்டே 2019இல் தொடங்கிய டோன் போயட் வரிசையை. ஜோ ஹார்லி தேர்ந்தெடுக்க, கெவின் கிரே மூல நாடாவிலிருந்து நேராக லாக்கர் வெட்ட, கலிஃபோர்னியாவின் ஆர்டிஐ ஆலையில் அச்சாகிறது. விரிக்கும் கெட்டி அட்டையில் அதே பதிவின்போது வுல்ஃப் எடுத்த படங்களும் வரும். கிளாசிக் வினைல் என்ற இன்னொரு வரிசையும் உண்டு. அதற்கும் வெட்டுபவர் கெவின் கிரேதான், அச்சு ஜெர்மனியின் ஆப்டிமல் ஆலையில். அட்டை எளிமை, விலையும் குறைவு. முதலில் வாங்கிப் பார்க்க அது போதும்.

மியூசிக் மேட்டர்ஸ் கம்பெனி 2007 முதல் 45 ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு 45 சுற்று) இரண்டு இரண்டு தட்டுகளாக வெளியிட்டவையும் அருமையானவை. இப்போது அச்சில் இல்லை, விலையும் ஏறிவிட்டது.

ஜப்பானியப் பதிப்புகளில் கிங் கம்பெனி 1977 முதல் 1983 வரை அச்சடித்தவற்றுக்கு நல்ல பெயர். இரைச்சலே இல்லாத பரப்பு, பத்திரமாக வைத்திருந்த அட்டை. ஜப்பானில் இந்த இசையை வளர்த்தவை ஜாஸ் கிஸ்ஸா என்ற காபிக் கடைகள். இறக்குமதித் தட்டை விலைகொடுத்து வாங்க முடியாதவர்கள் ஒரு காபிக்குக் காசு கொடுத்துவிட்டு, பெரிய ஸ்பீக்கர்களுக்கு முன்னால் பேசாமல் உட்கார்ந்து கேட்டார்கள். பியானோ கலைஞர் சானி கிளார்க்கின் 'கூல் ஸ்ட்ரட்டின்' அமெரிக்காவைவிட அங்கேதான் பெரிதாகக் கொண்டாடப்பட்டது. கிளார்க் 1963 ஜனவரியில், 31 வயதில் போய்விட்டார். அந்த வரவேற்பு அவர் காதுக்கு எட்டாமலே போனது எனக்கு இன்றும் வருத்தம்.

ஒதுக்க வேண்டியவை, யார் வெட்டினார்கள், எந்த நாடாவிலிருந்து என்று எதுவுமே எழுதாத மலிவு ஐரோப்பிய அச்சுகள். 1962 வரை வெளியான பதிவுகளுக்கு ஐரோப்பாவில் ஒலிப்பதிவு உரிமைக் காலம் முடிந்துவிட்டதால், சிடியிலிருந்து எடுத்துக்கூட யாரும் தட்டு போட்டுவிடலாம். 180 கிராம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். எடை கூடினால் தட்டு கெட்டியாகும், வெட்டு நன்றாகிவிடாது.

இடையில் டிஜிட்டல் கலந்திருந்தால் தட்டு வீணா?

இல்லை. 2022இல் மொபைல் ஃபிடெலிட்டி கம்பெனி தன் தட்டுகள் பலவற்றில் மூல நாடாவுக்கும் தட்டுக்கும் இடையே டிஎஸ்டி என்ற டிஜிட்டல் பதிவு இருந்ததை ஒப்புக்கொண்டபோது பெரிய களேபரமே நடந்தது. அதற்கு முன்புவரை அதே தட்டுகளை முழு அனலாக், அதாவது டிஜிட்டல் கலக்காதவை, என்று நம்பி, ஒலி பிரமாதம் என்று பாராட்டிக்கொண்டிருந்தவர்கள் ஏராளம். வாங்குபவரிடம் உண்மையைச் சொல்லாதது தவறு, அதில் மாற்றுக் கருத்தே இல்லை. ஒலி நன்றாக இருக்கிறதா என்பது தனிக் கேள்வி, அதைக் காதால்தான் தீர்மானிக்க வேண்டும்.

மோனோ வாங்குவதா, ஸ்டீரியோ வாங்குவதா?

மோனோ என்றால் ஒரே ஒலித்தடம், ஸ்டீரியோ என்றால் இடம், வலம் என்று இரண்டு. எதை வாங்குவது என்பது தட்டு பதிவான தேதியைப் பொறுத்தது. வான் கெல்டர் 1957இல் இரண்டு தட நாடாவிலும் பதியத் தொடங்கினார். சில காலம் மோனோவுக்குத் தனி நாடா, ஸ்டீரியோவுக்குத் தனி நாடா என்று இரண்டும் ஓடின. ஜான் கோல்ட்ரேனின் 'ப்ளூ டிரெயின்' 1957 செப்டம்பர் 15இல் பதிவானது, இந்தக் காலத்தைச் சேர்ந்தது. 1958 இறுதிக்குப் பிறகு மோனோ நாடாவை விட்டுவிட்டார். அதன்பின் வந்த மோனோ தட்டுகள் இரண்டு தட நாடாவை ஒன்றாகக் கலந்து வெட்டியவை. ஆக, 1957, 58 பதிவுகளில் மோனோவுக்குத் தனி மதிப்பு உண்டு. 1960களின் பதிவுகளில் மோனோ முதல் பதிப்புக்குக் கூடுதல் பணம் கொடுப்பதில் ஒலி சார்ந்த நியாயம் குறைவு.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஆரம்பகால ஸ்டீரியோவில் டிரம்பெட் ஒரு ஓரத்திலும் சாக்ஸஃபோன் மறு ஓரத்திலும் ஒட்டிக்கொண்டு நிற்கும். நடுவே ஒன்றுமில்லாத உணர்வு சிலருக்கு எரிச்சலூட்டும். ஸ்பீக்கர்களுக்கு நேராக உட்காராமல் அறைக்குள் நடமாடிக்கொண்டே கேட்பவர்களுக்கு மோனோதான் சுகம்.

மோனோ தட்டுக்குத் தனி கார்ட்ரிட்ஜ் வேண்டுமா?

கட்டாயம் இல்லை, இருந்தால் நல்லது. கார்ட்ரிட்ஜ் என்பது முள்ளின் அசைவை மின்சிக்னலாக மாற்றும் சிறு பகுதி. மோனோ தட்டில் இசை முழுவதும் பக்கவாட்டு அசைவில்தான் இருக்கிறது. ஸ்டீரியோ கார்ட்ரிட்ஜ் மேல்கீழ் அசைவையும் படிப்பதால் தூசி, தேய்மானச் சத்தங்களையும் சேர்த்துக் கொண்டுவரும். ஆம்ப்ளிஃபயரில் மோனோ பொத்தான் இருந்தால் அதை அழுத்தினாலே பெரும்பகுதி அடங்கிவிடும்.

'கைண்ட் ஆஃப் ப்ளூ' சில பிரதிகளில் சுருதி கூடி ஒலிக்கிறதே, டர்ன்டேபிள் கோளாறா?

தட்டைச் சுழற்றும் உங்கள் டர்ன்டேபிளில் குறை இருக்க வேண்டிய அவசியமில்லை. இது டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் தட்டு, ப்ளூ நோட் தட்டும் இல்லை, கொலம்பியா வெளியிட்டது. ஆனாலும் இந்தக் கேள்வி வந்துகொண்டே இருக்கிறது. 1959 மார்ச் 2இல் நியூயார்க் 30ஆவது தெரு ஸ்டுடியோவில் மைல்ஸ் டேவிஸ் குழு முதல் பக்கத்தின் மூன்று பாட்டுகளை வாசித்தபோது, பதிவான நாடாக் கருவி கொஞ்சம் மெதுவாக ஓடியது. அந்த நாடாவைச் சரியான வேகத்தில் ஓட்டினால் இசை வேகமாகவும் சுருதி கூடியும்தானே கேட்கும்? அப்படியே தட்டாக வெட்டிவிட்டார்கள். இன்னொரு கருவியில் ஓடிய காப்பு நாடாவை வைத்து 1992இல்தான் சரிசெய்து வெளியிட்டார்கள். எனவே அதற்கு முந்தைய எல்பிகளில் முதல் பக்கம் கூடுதல் சுருதியில்தான் இருக்கும், இரண்டாம் பக்கத்தில் அந்தக் குறை கிடையாது. வீட்டில் தம்புராப் பெட்டியோ சுருதிப் பெட்டியோ இருந்தால் பழைய எல்பியையும் புதியதையும் அடுத்தடுத்துப் போட்டு வித்தியாசத்தைப் பிடித்துவிடலாம்.

விற்பவர் 'விஜி ப்ளஸ்' என்கிறார். நம்பலாமா?

'விஜி ப்ளஸ்' என்பது பழைய தட்டின் நிலைக்கு விற்பவர்கள் தரும் தர மதிப்பு, 'மிக நன்று' என்பதற்கும் ஒரு படி மேல். அது கண்ணால் பார்த்துச் சொன்னதா, போட்டுக் கேட்டுச் சொன்னதா என்று முதலில் கேளுங்கள். 1950, 60களில் இந்தத் தட்டுகள் கனமான டோன்ஆர்மிலும் (முள்ளைத் தாங்கும் கை) தேய்ந்த முள்ளிலும் ஓடியவை. ஒரு கீறல்கூட இல்லாமல் பளபளவென்றிருக்கும் தட்டு, டிரம்பெட் உச்சிக்குப் போகும்போது கரகரவென்று உடைவது உண்டு. முடிந்தால் ஒவ்வொரு பக்கத்தின் கடைசிப் பாட்டைக் கேட்டுப் பாருங்கள். தட்டின் வெளிவிளிம்பில் முள்ளுக்கு அடியில் தடம் நொடிக்கு சுமார் 50 சென்டிமீட்டர் ஓடுகிறது. உள்விளிம்புக்கு வரும்போது அது சுமார் 21 சென்டிமீட்டர்தான். அதே இசையைக் குறைந்த இடத்துக்குள் நெருக்கி எழுத வேண்டியிருப்பதால் தேய்மானம் அங்கேதான் முதலில் காட்டிக்கொடுக்கும்.

எந்த டர்ன்டேபிள்?

மோட்டார் பெல்ட் வழியாகச் சுழற்றுவதா, நேரடியாகச் சுழற்றும் டைரக்ட் டிரைவா என்ற சண்டையில் நேரம் போக்க வேண்டாம். ரேகா (Rega) கம்பெனியின் பெல்ட் டர்ன்டேபிள்களும் டெக்னிக்ஸின் எஸ்எல்-1200 வரிசையும் பல்லாண்டுகளாகத் தங்களை நிரூபித்தவை. எஸ்எல்-1200 1972இல் வந்தது, 2010இல் உற்பத்தி நின்றது, 2016இல் திரும்பி வந்தது. பழையவற்றுக்கும் இன்றுவரை உதிரிபாகம் கிடைக்கிறது.

பழைய கருவியை வெளிநாட்டிலிருந்து கொண்டுவருகிறவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் மின்சாரம். அமெரிக்காவில் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் எல்லாமே 50 ஹெர்ட்ஸ். ஏசி சிங்க்ரனஸ் மோட்டார் வைத்த பெல்ட் டர்ன்டேபிள்கள் மின்சாரத்தின் ஹெர்ட்ஸைப் பார்த்துத்தான் வேகத்தை வைத்துக்கொள்கின்றன. 60 ஹெர்ட்ஸுக்குச் செய்ததை இங்கே ஓட்டினால் 33⅓ சுற்றுக்குப் பதில் 27.8 சுற்றுதான் சுற்றும். ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வோல்டேஜைக் குறைக்கும், ஹெர்ட்ஸை மாற்றாது. 50 ஹெர்ட்ஸுக்கான புல்லி கிடைக்குமா என்று விசாரித்துக்கொண்டு அப்புறம் பணம் கொடுங்கள். டைரக்ட் டிரைவ் கருவிகளில் பொதுவாக இந்தத் தொல்லை கிடையாது, வோல்டேஜை மட்டும் சரிபார்த்தால் போதும்.

வைக்கும் இடமும் முக்கியம். ஸ்பீக்கர் இருக்கிற அதே மேஜையில் டர்ன்டேபிளை வைக்காதீர்கள். டபுள் பேஸ் அதிர்வு மேஜை வழியாக முள்ளுக்குத் திரும்பி வந்து ஒலியைக் குழப்பும். சுவரில் அடித்த ஒரு நல்ல பலகை போதும்.

கார்ட்ரிட்ஜும் முள்ளும்?

பணம் குறைவென்றால் டர்ன்டேபிளில் மிச்சம் பிடித்து இங்கே போடுங்கள். ஆடியோ டெக்னிக்காவின் விஎம்95 வரிசையில் ஒரு வசதி இருக்கிறது. எலிப்டிகல் என்ற சாதாரண நீள்வட்ட முனை முள்ளோடு வாங்கிவிட்டு, பிறகு உடலை மாற்றாமல் மைக்ரோலீனியர் என்ற நுண்முனை முள்ளை மட்டும் செருகலாம். மேலே சொன்ன உள்விளிம்புக் கரகரப்பில், தட்டு தேயாமல் இருக்கும்பட்சத்தில், பெருமளவு அந்த முள்ளாலேயே குறைந்துவிடும்.

முள்ளின் எடையைக் கண்மதிப்பில் வைக்கக் கூடாது. சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று வாங்குங்கள். கார்ட்ரிட்ஜோடு வந்த தாளில் 2.0 கிராம் என்றிருந்தால், முள்ளைத் தராசில் இறக்கி, பின்னாலிருக்கும் எடையை மயிரிழை மயிரிழையாகத் திருப்பி 2.0 வரும்வரை வையுங்கள். எடையைக் குறைத்தால் தட்டு தேயாது என்று பலர் நினைக்கிறார்கள். நடப்பது தலைகீழ். எடை போதாமல் தடத்துக்குள் துள்ளும் முள்தான் சுவர்களைச் சிதைக்கிறது. பிறகு கார்ட்ரிட்ஜ் சரியான இடத்தில், சரியான கோணத்தில் இருக்கிறதா என்று ப்ரோட்ராக்டர் என்ற அளவுத்தகடு வைத்துப் பாருங்கள். முதல் தடவை ஒரு மாலை முழுக்கப் போகும், போகட்டும்.

மைக்ரோலீனியர் முள்ளை ஆயிரம் மணிநேரத்தை நெருங்கும்போது மாற்றிவிடுங்கள், எலிப்டிகல் முள்ளை அதற்கு முன்பே. வான் கெல்டர் தட்டுகளில் பித்தளைக் கருவிகளின் ஒலி உரக்க வெட்டப்பட்டிருக்கும். தேய்ந்த முள்ளை அதில் ஓட்டினால் நஷ்டம் தட்டுக்கு.

ஃபோனோ ப்ரீஆம்ப் எதற்கு? நேராக ஆம்ப்ளிஃபயரில் செருகினால் என்ன?

ஒலி மெலிந்து, கீச்சென்று கேட்கும். கீழ்ச்சுரங்களை அப்படியே வெட்டினால் தடம் அகலமாகி இடம் போதாது. மேல்சுரங்களை அப்படியே வெட்டினால் பரப்பின் இரைச்சலில் மூழ்கிவிடும். அதனால் வெட்டும்போதே கீழ்ச்சுரத்தைக் குறைத்து, மேல்சுரத்தைக் கூட்டி வெட்டுகிறார்கள். இரண்டு கோடியிலும் ஏறத்தாழ 20 டெசிபெல் மாற்றம். 1954இல் நிலைபெற்ற ஆர்ஐஏஏ வளைகோடு இதுதான். ப்ரீஆம்ப் அதைத் தலைகீழாக்கிப் பழைய நிலைக்குக் கொண்டுவருகிறது, கூடவே மில்லிவோல்ட் அளவில் வரும் சிக்னலையும் பெரிதாக்குகிறது. காந்தம் அசையும் மூவிங் மேக்னட் கார்ட்ரிட்ஜ் 4, 5 மில்லிவோல்ட் தரும். கம்பிச்சுருள் அசையும் மூவிங் காயில் (எம்சி) வகையைச் சேர்ந்த டெனான் டிஎல்-103 தருவது 0.3 மில்லிவோல்ட். அதற்கு எம்சி வசதியுள்ள ப்ரீஆம்ப் வேண்டும்.

வால்வு ஆம்ப்ளிஃபயர் இருந்தால்தான் ஜாஸ் நன்றாக இருக்குமா?

நல்ல வால்வு ஆம்ப்ளிஃபயரில் சாக்ஸஃபோன் கேட்பது எனக்கும் பிடிக்கும். ஆனால் ஸ்பீக்கரைப் பார்த்துவிட்டுத்தான் ஆம்ப்ளிஃபயர். ஒரே அளவு மின்சக்திக்கு எவ்வளவு சத்தம் தரும் என்பதை ஸ்பீக்கரின் டெசிபெல் எண் சொல்கிறது. 87 டெசிபெல் ஸ்பீக்கரிலிருந்து, 97 டெசிபெல் ஹார்ன் ஸ்பீக்கர் தரும் சத்தத்தை எடுக்கப் பத்து மடங்கு வாட் வேண்டும். சிறிய ஸ்பீக்கரோடு எட்டு வாட் வால்வு ஆம்பை மாட்டினால் டிரம்ஸ் தளர்ந்துவிடும்.

விலையுயர்ந்த கேபிள்?

வேண்டாம். அந்தப் பணத்தில் நான்கு டோன் போயட் வாங்கலாம்.

தட்டுகளை எப்படிக் கழுவி வைப்பது?

டிஸ்டில்ட் வாட்டர், தட்டுக்கென்று விற்கும் கழுவும் திரவம் சில துளி, மென்மையான பிரஷ். தடத்தின் போக்கிலேயே துடையுங்கள், லேபிள் நனையக் கூடாது. தாத்தா காலத்து 78 ஆர்பிஎம் அரக்குத் தட்டில் ஆல்கஹால் கலந்த எதுவும் படக் கூடாது, கரைந்துவிடும்.

எப்போதும் நிற்க வைத்தே அடுக்குங்கள். கடலோர ஊர்களில் ஈரப்பதத்தால் அட்டையில் பூஞ்சை பிடிக்கும். அலமாரியைச் சுவரோடு ஒட்டாமல் இரண்டு விரற்கடை தள்ளிப் போட்டு, மழைக்காலத்தில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களை மாற்றிக்கொண்டிருங்கள். பழைய காகித உறையை வீசிவிடாமல் அட்டைக்குள் வைத்துக்கொண்டு, தட்டைப் பாலிஎத்திலீன் உறைக்கு மாற்றுங்கள். பிவிசி வெளியுறையை மட்டும் தவிர்த்துவிடுங்கள், நாளாவட்டத்தில் அது தட்டில் மங்கலான படலத்தை ஏற்றும்.

முதலில் எந்தத் தட்டுகள்?

ஆர்ட் பிளேக்கியின் 'மோனின்', கேனன்பால் ஆடர்லியின் 'சம்திங் எல்ஸ்', ஹொரேஸ் சில்வரின் 'சாங் ஃபார் மை ஃபாதர்', லீ மார்கனின் 'தி சைட்வைண்டர்'. 'சம்திங் எல்ஸ்' தட்டில் மைல்ஸ் டேவிஸ் இன்னொருவருடைய குழுவில் ஒருவராக வாசிக்கிறார், அந்தக் காலத்தில் அவரிடம் அது அபூர்வம். நான்கும் மறுவெளியீடாகக் கிடைப்பவை. இவற்றில் எந்தக் கலைஞரின் வாசிப்பு உங்களைப் பிடித்து நிறுத்துகிறதோ, அவர் உடன்வாசித்த மற்ற தட்டுகளைத் தேடிப் போங்கள். கடைகளின் சிறந்த 100 பட்டியல்களைவிட அந்த வழி நல்லது.

வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும்போது விற்பவரிடம் என்ன சொல்ல வேண்டும்?

தட்டை அட்டைக்கு வெளியே எடுத்து, அட்டைக்குப் பின்னால் தனியாக வைத்து அனுப்பச் சொல்லுங்கள். உள்ளேயே இருந்தால் பெட்டி ஒருமுறை கீழே விழுந்தாலும் தட்டின் விளிம்பு அட்டையின் தையலைக் கிழித்துவிடும். இரண்டு பக்கமும் கெட்டி அட்டை, எல்பிக்கென்று செய்த பெட்டி. தபால் செலவும் சுங்க வரியும் சேர்த்து என்ன ஆகும் என்று முன்கூட்டியே கணக்குப் போடுங்கள். ஒரே விற்பவரிடம் மூன்று நான்கு தட்டுகளைச் சேர்த்து வாங்கினால் தட்டு ஒன்றுக்கான தபால் செலவு நன்றாகக் குறையும். பெட்டி வந்ததும் பிரிப்பதற்கு முன் எல்லாப் பக்கத்தையும் படம் எடுத்துவிடுங்கள். சேதம் இருந்தால் பணம் திரும்பக் கேட்க அந்தப் படங்கள் வேண்டியிருக்கும்.